வாசித்தது புரிகிறது, எழுத்தில் வாதமாக வரவில்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். மண்ணியலில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டு. லிட்டரேச்சர் ரிவ்யூ (முந்தைய ஆய்வுகளை அலசும்) அத்தியாயத்தை அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் ‘இவர் இதைக் கண்டார், அவர் அதைக் கண்டார்’ என்று பட்டியல்தான் வருகிறது. நெறியாளர் ஓரத்தில் “உங்கள் வாதம் எங்கே?” என்று எழுதித் திருப்பிவிட்டார்.

ஹைலைட் செய்து பார்த்தேன். பக்கமே மஞ்சளானதுதான் மிச்சம். அப்புறம் எஸ்க்யூ3ஆர் என்ற வாசிப்பு முறை. தலைப்பைக் கேள்வியாக்கி, பதில் தேடி வாசித்து, மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பது பாடநூலுக்குச் சரி. ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாத் தலைப்பும் ‘முறைகள்’, ‘முடிவுகள்’தானே, அதில் என்ன கேள்வி பிறக்கும்? பக்கத்தைப் பிரித்துக் குறிப்பும் கீழே சுருக்கமும் எழுதும் கார்னெல் முறையில் சுருக்கங்கள் சேர்ந்தன, ஒன்றோடொன்று பேசவில்லை. கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் ஜொட்டேரோ மென்பொருளில் போட்ட குறிச்சொற்கள் தேடுவதற்கு மட்டும் உதவின.

இப்போது எக்செலில் வரிசைக்கு ஒரு கட்டுரை, நெடுவரிசைக்கு ஒரு கருத்து என்று அட்டவணை போட்டிருக்கிறேன். உவர்த்தன்மை நெடுவரிசையில் இரண்டு கட்டுரைகள் நேரெதிர் முடிவு சொல்கின்றன. ஒன்று ஆய்வகத் தொட்டியில் செய்தது, மற்றது வயலில். விஷயம் அங்கேதான் இருக்கிறது என்று தெரிகிறது, பத்தியாக மாறத்தான் மாட்டேன் என்கிறது.

இப்படியொரு முரண்பாட்டை வாதமுள்ள பத்தியாக்க, வாசிக்கும்போதே ஓரத்தில் என்னென்ன கேள்விகளை எழுதிக்கொள்கிறீர்கள்?