மோதல் டேட்டா ஆராய்ச்சி வேலைக்கு வேலூர்ல இருந்துகினே போக முடியுமா?

காட்பாடி_பேசஞ்சர்:
எம்ஏ பொலிட்டிக்கல் சயின்ஸ் கடைசி செமஸ்டர். உலகம் பூரா நடக்கற சண்டை, போராட்டத்த பதிவு பண்ற ஆக்லெட் (ACLED), ஸ்வீடன்ல உப்சாலா யுனிவர்சிட்டி டேட்டா இதெல்லாம் ப்ராஜெக்டுக்கு தோண்ட ஆரம்பிச்சு அப்படியே புடிச்சுப் போச்சு, எந்த ஊர்ல என்னிக்கு சண்டை, யார் யார அடிச்சாங்க, எத்தன சாவுனு கணக்கு வெக்கிற வேலை. அப்பாகிட்ட சொன்னா "செத்தவங்கள எண்ணிகினு இருக்கறதுக்கு எவன்டா சம்பளம் தருவான், குரூப் 4 எழுது"ன்றாரு. ஆர் (R)ன்ற புள்ளிவிவர சாஃப்ட்வேர் சுமாரா வரும். பாட்டி ஊர் பேர்ணாம்பட்டு, அதனால உருது படிப்பேன். வெளிநாட்ல படிச்சாதான் எடுப்பாங்களா?

குடியாத்தம்_கைலி:
தம்பி, நான் நாலு வருஷமா இதே வேலைதான், வீட்ல கைலியோட உக்காந்துகினு. முதல்ல ஒண்ணு, இங்க கோடிங்னா ப்ரோகிராம் இல்லபா, செய்தி படிச்சு தேதி, இடம், ஆளு, வகை, சாவுனு கட்டம் கட்டமா நிரப்புறது. ஆர், பைத்தான் எல்லாம் ஆறு மாசத்துல கத்துக்கலாம், உருது பேப்பர் படிக்கிற ஆள ஆறு மாசத்துல செய்ய முடியாது, அதுதான் உன் மூலதனம்.

ஆக்லெட்ல சம்பவம் மொத்தம் ஆறு வகை. ரோட்ல உக்காந்து மறியல் பண்ணா போராட்டம், அதே ரோட்ல டயர் கொளுத்திப் போட்டா கலவரம். கேக்க ஈசி, ஆனா ரிப்போர்ட்டர் "பரபரப்பு நிலவியது"னு மட்டும் எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பாரு பாரு, அப்ப முழிப்ப. உப்சாலா வேற மாதிரி, ரெண்டு தரப்பு மோதல்ல ஒரு வருஷத்துல 25 சாவு வந்தாதான் அத மோதல்னே சேப்பாங்க, 1000 தொட்டா போர். ஒரே நாடு ஒரு டேட்டால கொதிக்கும், இன்னொண்ணுல பேரே இருக்காது. அது ஏன்னு தெளிவா சொல்லத் தெரிஞ்சா இன்டர்வியூல பாதி கிணறு தாண்டியாச்சு.

இடமும் அப்படித்தான். 2015 ஜூன் ஆம்பூர் கலவரம், அப்ப வேலூர் மாவட்டம். 2019ல பிரிச்சாங்க, இப்ப திருப்பத்தூர். பாக்காம மேப் போட்டா ஒரு மாவட்டம் திடீர்னு சாதுவாயிடும் :)

மக்கான்_சிக்னல்:
நம்ம கோட்டையவே எடுத்துக்கோ. 1806 ஜூலை 10, சிப்பாய் புரட்சி. வெள்ளக்காரன் தரப்புல 100க்கு மேல சாவு, அவனுக்கு பட்டாளத்து லிஸ்ட் இருந்துச்சு. ஆற்காட்ல இருந்து கில்லெஸ்பி குதிரப்படையோட வந்த பிறகு சுட்டுத் தள்ளின சிப்பாய்ங்க எத்தன பேர்? ஒரு புக்ல 350, இன்னொண்ணுல 800. யாருக்கு லிஸ்ட் இருக்கோ அவன் சாவுதான் சரியா எண்ணப்படும், இப்பவும் அதே கததான்.

ராணிப்பேட்டை_தோல்:
நான் ஆராய்ச்சி ஆள் இல்ல, ஷூ எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல ஷிப்பிங் பாக்கறேன். 2023 நவம்பர்ல செங்கடல்ல ஏமன் நாட்டு ஹூதி ஆயுதக் குழு ஆளுங்க கப்பல் புடிக்க ஆரம்பிச்சப்ப ஐரோப்பா போற கன்டெய்னர் சூயஸ விட்டுட்டு ஆப்பிரிக்காவையே சுத்திகினு போச்சு, பார்ட்டி தினம் போன் பண்ணி கத்தறான், போர் அபாய இன்சூரன்ஸ் எகிறிடுச்சு. அந்த ரேட்ட போடறவங்க எத வச்சு போடறாங்க? எந்த கடல்ல என்னிக்கு எத்தன தாக்குதல்ன்ற இதே கணக்குதான். இன்சூரன்ஸ், கன்ட்ரோல் ரிஸ்க்ஸ் மாதிரி ஆலோசனை கம்பெனிங்க, இவங்ககிட்ட காசும் என்ஜிஓவ விட ஜாஸ்தி.

குடியாத்தம்_கைலி:
அண்ணன் சொன்னது கரெக்ட். வெளிநாட்டு டிகிரி இருந்தா நல்லது, இல்லனா ஆக்லெட் கோட்புக், அதான் எத எந்த வகைல போடணும்ன்ற விதிப் புத்தகம், நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது, ஒரு மாசத்து தமிழ், உருது பேப்பர் எடுத்து அதன்படி 50 சம்பவம் ஷீட்ல போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஏன் இந்த வகைனு ஒரு வரி எழுதி அனுப்பு. இன்னொண்ணு தம்பி, வீடியோ பாத்து சரிபாக்கற வேலைய நைட்ல வச்சுக்காத. ஒரு தடவ ஒரே சம்பவத்த மூணு ஆங்கிள்ல பாத்துட்டு படுத்தேன், ஒரு வாரம் சோறு எறங்கல.

காட்பாடி_பேசஞ்சர்:
ரொம்ப தேங்க்ஸ்ணா. அப்பாகிட்ட கப்பல் கதைய சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அப்ப கேக்கறவங்களுக்கு இன்சூரன்ஸ்ல வேலைனே சொல்லிக்கலாம்"ன்றாரு.