உக்ரேன் கோதுமை இல்லாத மூட்டைக்கும் விலை ஏறினது ஏன்?

மஸ்கெலியா:
2022இல் இலங்கையில கோதுமை மா விலை ஏறினப்போ எல்லாரும் உக்ரேன் போரைத்தான் காரணம் சொன்னாங்க. ஆஸ்திரேலியா, கனடாவில இருந்தும் நமக்குக் கோதுமை வருதே, அதுக்கும் ஏன் விலை ஏறணும்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கணும், கணக்கோட சொல்லுங்க அண்ணே.

திருகோணமலை மில் பக்கம்:
தம்பி, உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால்வாசிக்கும் மேல் ரஷ்யாவும் உக்ரேனும் சேர்ந்து கொடுத்தது. போரால் அது தடைபட்டதும் எகிப்து, லெபனான் மாதிரி அவங்களை நம்பியிருந்த நாடுகள் எல்லாம் ஆஸ்திரேலியாக்காரனிடம் போய் நின்றன. அவன் நமக்கு மட்டும் பழைய விலைக்குத் தருவானா? எங்கே விளைந்தாலும் விலை பேசுவது அமெரிக்காவின் சிக்காகோ தானியச் சந்தையைப் பார்த்துத்தான்.

போருக்கு முன் அங்கே ஒரு புசல் (அங்கே தானியம் அளக்கும் அளவு) 8 டாலர் அளவில் இருந்தது, மார்ச்சில் 12ஐத் தாண்டியது. ஒரு தொன் என்பது 36.7 புசல். 8 டாலருக்கு தொன் 294 டாலர். டாலர் 202 ரூபாவாக இருந்ததால் கிலோ 59 ரூபா. 12 டாலருக்குத் தொன் 440, அதே 202இல் கிலோ 89. ஆனால் மே மாதம் டாலர் 360 ஆகிவிட்டது, கிலோ 158 ரூபா. கப்பல் கூலி இதில் சேரவில்லை. ஏறின 99 ரூபாவில் போரின் பங்கு 30தான், மிச்சம் ரூபா விழுந்ததால் வந்தது. பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் கட்டாயம் பிரித்துக் காட்டுங்க.

இதுவும் முழுக் கோதுமைக் கணக்குத்தான். 100 கிலோ அரைத்தால் ஏறக்குறைய 75 கிலோ வெள்ளை மா, மிச்சம் மாட்டுத் தீவனத்துக்குப் போகும் தவிடு. நாள் சம்பளம் 1000 ரூபாவாக இருந்த லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வீட்டில், காலை ரொட்டிக்கே இந்த விலை என்றால் என்னவாகும்?

கொழும்புத் துறைமுகம்:
கடல் வழி அடைபட்டப்போ உக்ரேன் தானியத்தை ரயிலில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாங்க, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. ஒரு கப்பலில் 30,000 தொன் போகும். ஒரு வேகனில் 65 தொன் என்று வைத்தாலும் 460 வேகன் வேணும். அதோட உக்ரேன் தண்டவாள அகலம் 1520 மில்லிமீட்டர், ஐரோப்பாவில் 1435. எல்லையில் எல்லாத்தையும் மாற்றி ஏற்றணும். ஒடேசா பக்கம் கடலில் கண்ணிவெடி, போர் ஆபத்துக் காப்புறுதி வேற ஏறிப்போச்சு. 2 கோடி தொன் அளவில் தானியம் குதங்களில் தேங்கிக் கிடக்க, ஜூலை அறுவடையை வைக்க இடம் இல்லாமல் போனது.

உக்ரேன் தானியக் கப்பல்களைக் கருங்கடல் வழியாக விட 2022 ஜூலை 22 இஸ்தான்புல்லில் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் கப்பல் நகர்ந்தது. ஒரு வருஷத்தில் 3 கோடியே 30 லட்சம் தொன் அளவில் போனது. 2023 ஜூலை 17 அந்த ஒப்பந்தத்தில இருந்து ரஷ்யா விலகிவிட்டது. ஒப்பந்தத்துக்கு முன்னாடியே, 2022 மே 13 இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. பக்கத்து வீட்டுக் கதவும் அடைபட்ட மாதிரி.

மஸ்கெலியா:
நன்றி அண்ணே. மா தட்டுப்பாடு வந்தால் வீட்டில் என்ன செய்யலாம்?

பண்டாரவளை:
கால் பங்கு குரக்கன் (கேழ்வரகு) மா சேர்க்கலாம். அதுக்கு மேல போனால் இழுவை பத்தாது, தட்டும்போதே விளிம்பு வெடிக்கும். கொதிநீர் விட்டுப் பிசைந்தால் கொஞ்சம் தாங்கும். பயந்துபோய் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்காதீங்க. நம்ம ஈரத்தில் மா கட்டி பிடிக்கும், வண்டு விழும். வாங்கினதைப் பலகை மேல, சுவரில் படாமல் வையுங்க, பழைய மூட்டையை முதலில் எடுங்க.