அப்பாவின் 1971 போர்ப் பணி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் அப்பா இருபது வயதில், 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது, ராணுவ ஆர்டினன்ஸ் (ஆயுதங்களும் தளவாடங்களும் வழங்கும்) பிரிவின் வெடிமருந்துக் கிடங்கில் இருந்தவர். ராத்திரியில் விளக்குப் போடாமல், பீரங்கிக் குண்டுப் பெட்டிகளைத் தடவித் தடவியே லாரியில் ஏற்றியதைச் சொல்வார். எந்த யூனிட் என்று நான் கேட்டுவைக்கவில்லை. இப்போது அவர் இல்லை.

கையில் இருப்பது பூர்வி ஸ்டார் பதக்கம்; அந்தப் போரில் கிழக்கு முனையில் பணி செய்தவர்களுக்குக் கொடுத்தது. அப்படியென்றால் அப்பா இருந்தது அந்த முனைதான். பதக்கத்தில் அவருடைய ராணுவ எண் தெளிவாக இருக்கிறது. ராணுவத்திலிருந்து விலகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் யூனிட் எழுதிய பக்கம்தான் தண்ணீர் பட்டு மை கரைந்துவிட்டது.

செகந்திராபாத் ஆர்டினன்ஸ் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதி சர்வீஸ் விவரம் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? மகள் கேட்டால் என்னென்ன இணைக்க வேண்டும்? அப்புறம், கிழக்கு முனையின் வெடிமருந்துக் கிடங்குகளில் அப்போது வேலை பார்த்த பெரியவர் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பத்து நிமிடம் பேசினால் போதும்.