எண்ணப்படாத நாட்டுக்கு விழுக்காடு எங்கிருந்து வந்தது? ஆப்கானிஸ்தானின் இனவாரிக் கணக்கு குறித்த விவாதம்

இளவெயினன்:

போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் பொது அறிவு நூல்களிலும் ஆப்கானிஸ்தானைப் பற்றி ஒரே அட்டவணை திரும்பத் திரும்ப வருகிறது: பஷ்தூன் 42, தாஜிக் 27, ஹசாரா 9, உஸ்பெக் 9, ஐமாக் 4, துருக்மென் 3, பலூச்சி 2, ஏனையோர் 4 விழுக்காடு. இதை இனி எவரும் உண்மைத் தகவலாக எடுத்தாளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணங்களை முன்வைக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

அந்நாட்டில் நாடு தழுவிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரே ஒரு முறைதான் முயலப்பட்டது, அதுவும் முற்றுப்பெறவில்லை. 1979 மார்ச்சில் ஹெராத் நகரில் கிளர்ச்சி வெடித்து, ஊர்ப்புறங்கள் ஒவ்வொன்றாக அரசின் பிடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்த வேளையில், அவ்வாண்டு ஜூன் மாதம் கணக்கெடுப்பாளர்கள் அனுப்பப்பட்டார்கள். பல மாவட்டங்களுக்குள் அவர்களால் நுழையவே முடியவில்லை. எண்ணியதையும் எண்ணாத இடங்களுக்கு ஊகித்ததையும் கூட்டி, குடியமர்ந்த மக்கள் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் என்று அறிவித்தார்கள். அதன்பின் சோவியத் படையெடுப்பும் உள்நாட்டுப் போரும் வந்தன. 1990ஆம் ஆண்டை ஒட்டி 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் ஏதிலிகளாக வாழ்ந்தார்கள். 2008இல் நடத்தத் திட்டமிட்டிருந்த கணக்கெடுப்பு பாதுகாப்பின்மையைக் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது, பிறகு நடக்கவே இல்லை.

அப்படியானால் இந்த 42 எங்கிருந்து வந்தது? அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த உலகத் தகவல் தொகுப்பிலிருந்து வந்தது. அதே தொகுப்பு 1990களில் பஷ்தூன்கள் 38, தாஜிக்குகள் 25, ஹசாராக்கள் 19, உஸ்பெக்குகள் 6 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தது. சில ஆண்டுகளுக்குள் ஹசாராக்கள் 19இலிருந்து 9ஆகச் சுருங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அங்கே யாரும் யாரையும் எண்ணவில்லை. பின்னாளில் அத்தொகுப்பே விழுக்காடுகளை நீக்கிவிட்டு, நம்பத்தக்க தரவு இல்லை என்று குறிப்பு எழுதியது. வெளியிட்டவர்களே கைவிட்ட எண்களை நம் மாணவர்கள் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?

வழுதி:

திரு. இளவெயினன் சொல்லும் வரலாற்றுச் செய்திகளை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவை மறுக்கிறேன். துல்லியமான எண் இல்லை என்பதும் எதுவுமே தெரியாது என்பதும் ஒன்றல்ல.

கடந்த அரை நூற்றாண்டில் வெளிவந்த மதிப்பீடுகளில் கருத்தில் கொள்ளத்தக்க எதை எடுத்துக்கொண்டாலும் பஷ்தூன்களே தனிப்பெரும் குழுவினர், அடுத்த இடம் தாஜிக்குகளுக்கு, ஹசாராக்களும் உஸ்பெக்குகளும் அவர்களுக்குப் பின்னால் என்ற வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. 2006 முதல் 2019 வரை ஆசியா அறக்கட்டளை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரிடம் நடத்திய கருத்தாய்வுகளில், தம்மைப் பஷ்தூன் என்று சொல்லிக்கொண்டோர் 40 விழுக்காட்டை ஒட்டியும், தாஜிக் என்று சொன்னோர் பெரும்பாலும் 30 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தார்கள். இவை யாரோ அறைக்குள் உட்கார்ந்து எழுதிய எண்கள் அல்ல.

மேலும், ஆட்சி நடத்துவோருக்குத் தோராயமான எண்ணாவது தேவைப்படுகிறது. தாலிபான்களின் முதல் ஆட்சி வீழ்ந்த பின், 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் ஹமீத் கர்சாயின் தலைமையில் இடைக்கால நிர்வாகம் அமைத்தபோது, 30 இடங்களில் பஷ்தூன்களுக்கு 11, தாஜிக்குகளுக்கு 8, ஹசாராக்களுக்கு 5, உஸ்பெக்குகளுக்கு 3 என்று பகிர்ந்தார்கள். எண்ணே கூடாது என்றால் அந்தப் பகிர்வை எதைக் கொண்டு செய்வது? வலுத்தவன் கேட்டதைக் கொடுப்பதா? மதிப்பீட்டை ஒதுக்கிவிட்டால் அந்த இடத்தில் ஆயுதம் வந்து உட்காரும். இதை இளவெயினன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இளவெயினன்:

அந்தப் பகிர்விலும் ஆயுதம்தான் உட்கார்ந்திருந்தது, நண்பரே. தாலிபான்களை எதிர்த்துப் போரிட்டுக் காபூலைக் கைப்பற்றியிருந்த வடக்குக் கூட்டணியினர் பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு மூன்றையும் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். அதற்கு மக்கள்தொகை மதிப்பீடு எதுவும் அடிப்படையாக இருக்கவில்லை.

கருத்தாய்வுகளைப் பற்றி: மாதிரி ஆய்வு ஒன்றை நடத்த, எந்த மாகாணத்தில் எத்தனை பேர் என்ற சட்டகம் முதலில் வேண்டும். ஆப்கானிஸ்தானில் அந்தச் சட்டகம் புள்ளியியல் அலுவலகத்தின் மதிப்பீட்டிலிருந்து வந்தது. அந்த மதிப்பீட்டின் வேர் 1979இன் அரைகுறைக் கணக்கெடுப்பிலும் 2000களின் தொடக்கத்தில் செய்த வீட்டுப் பட்டியலிலும் இருந்தது. மேலும், போர் நடக்கும் மாவட்டங்களுக்குச் செல்ல முடியாதபோது வேறு மாவட்டங்களை மாற்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். போர் கடுமையாக இருந்த தெற்கும் கிழக்கும் பஷ்தூன் பகுதிகள் என்பதால், அவர்களது பங்கு எவ்வளவு குறைந்து பதிவானது என்பதை யாராலும் சரிசெய்ய முடியாது. ஒரே ஊற்றிலிருந்து வந்த எண்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைச் சான்று என்று கொள்ள இயலாது.

மொத்த மக்கள்தொகையே உறுதியில்லை. 2020இல் நாட்டின் புள்ளியியல் ஆணையம் சொன்னது ஏறத்தாழ 3 கோடியே 29 இலட்சம்; ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீடு ஏறத்தாழ 3 கோடியே 90 இலட்சம். இரண்டுக்கும் இடையில் ஒரு சிறு நாட்டின் மக்கள்தொகையே அடங்கும். அரசுக் கணக்கில் குச்சி நாடோடிகளுக்கு 15 இலட்சம் என்று ஓர் எண் உண்டு. ஆண்டுதோறும் மற்றவர்களின் எண்ணிக்கை ஏறும். அந்த 15 இலட்சம் மட்டும் அசையாமல் நிற்கும். 249 உறுப்பினர் கொண்ட கீழவையில் அவர்களுக்கு 10 இடங்கள் ஒதுக்கப்பட்டதும் இப்படிப்பட்ட மதிப்பீடுகளை நம்பித்தான். பெரும்பாலும் பஷ்தூன்களான குச்சிகளின் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று ஹசாராத் தலைவர்கள் முறையிட்டதற்குச் சான்றுடன் பதில் சொல்ல அரசிடம் எதுவும் இருக்கவில்லை.

நாச்சியார்:

உங்கள் இருவரின் வாதத்தையும் கவனமாகப் படித்தேன். மதிப்பீடு நல்லதா கெட்டதா என்பதிலேயே இருவரும் நிற்கிறீர்கள். எண்ணாமல் விட்டதால் யாருக்கு ஆதாயம் என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

1891 முதல் 1893 வரை நாட்டை ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மான் கான், ஹசாராக்களின் தாயகமான ஹசாராஜாத் மலைப்பகுதியின் மீது நடத்திய போரில் ஹசாராக்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டார்கள், அடிமைகளாக விற்கப்பட்டார்கள், குவெட்டாவுக்கும் மஷ்ஹதுக்கும் தப்பி ஓடினார்கள். அவர்களது மேய்ச்சல் நிலங்கள் பஷ்தூன் நாடோடிகளுக்கு வழங்கப்பட்டன. மன்னர் அமானுல்லா காலத்து 1923 அரசியலமைப்பு அடிமை முறையை ஒழித்த பிறகும் சுமை தூக்கும் வேலையும் வீட்டு வேலையுமே அவர்களுக்கு எஞ்சின. இப்படி நூறாண்டுக்கு மேல் ஒதுக்கப்பட்ட மக்களிடம், 'நீங்கள் எத்தனை பேர் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே உங்கள் பங்கைக் கேட்காதீர்கள்' என்று சொல்வது நியாயமா?

2011இல் பாமியான் மாகாணத்தில் தொடங்கி, ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் உதவியுடன் மாகாணம் மாகாணமாக ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கல்வி, வேலை, இடப்பெயர்வு, உடற்குறை என்று எல்லாம் கேட்டார்கள். இனமும் மொழியும் வினாத்தாளில் இடம்பெறவில்லை. ஒரு மாகாணத்தில் எழுத்தறிவு குறைவு என்று அதைக் கொண்டு சொல்ல முடியும். அதே மாகாணத்துக்குள் எந்த மக்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அந்த மறைப்பு எனக்குப் பொறுக்கவில்லை. எனவே இனம் கேட்கப்பட வேண்டும், வெளிப்படையாக அச்சிடப்படவும் வேண்டும்.

கடலன்:

சகோதரி நாச்சியாரின் உணர்வை மதிக்கிறேன், ஆனால் அஞ்சுகிறேன். லெபனானில் 1932இல் சமயவாரியாக எண்ணினார்கள். அதைக் கொண்டு நாடாளுமன்ற இடங்களைக் கிறித்தவருக்கு ஆறு, முசுலிம்களுக்கு ஐந்து என்ற விகிதத்தில் பிரித்தார்கள். மக்கள்தொகை மாறிய பிறகும், விகிதம் கலைந்துவிடும் என்ற அச்சத்தால் இன்றுவரை மறு கணக்கெடுப்பு நடத்தவில்லை. 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போரை முடிக்கச் செய்த 1989 தாயிஃப் உடன்பாட்டில்தான் அந்த விகிதம் சமமாக மாறியது. அதுவும் எண்ணி மாற்றியதன்று, பேசி மாற்றியது. காபூலில் இனவாரிக் கணக்கு வெளிவரும் நாளில், தோற்ற தரப்பு அதை ஏற்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. அதோடு, யார் எந்த இனம் என்ற பதிவேடு கொலைகாரர் கையில் சிக்கினால் என்ன ஆகும்?

நாச்சியார்:

கொலைகாரர்களுக்குப் பதிவேடு தேவைப்பட்டதில்லை, ஐயா. 1998 ஆகஸ்டில் தாலிபான் படையினர் மஸார் இ ஷரீஃபுக்குள் நுழைந்து வீடு வீடாகச் சென்றபோது, முகச் சாயலைக் கொண்டும் தொழும் முறையைக் கேட்டும், பெரும்பாலும் ஷியா முசுலிம்களான ஹசாராக்களைப் பிரித்துக் கொன்றார்கள். குறைந்தது 2,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் மதிப்பிட்டன. 2022 செப்டம்பரில் காபூலின் தஷ்த் இ பர்ச்சியில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள்மீது குண்டு வெடித்தபோதும் எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை. அது ஹசாராக்கள் வாழும் பகுதி என்பதே போதுமானதாக இருந்தது. எண்ணாமை அவர்களைக் காப்பாற்றவில்லை.

லெபனானைக் காட்டுகிறீர்கள், நான் பக்கத்திலிருக்கும் பாகிஸ்தானைக் காட்டுகிறேன். அங்கே கணக்கெடுப்பு குறித்து, குறிப்பாகக் கராச்சியின் எண்ணிக்கை குறித்து, ஓயாத சண்டை உண்டு. ஆயினும் 2023இல் 24 கோடி மக்களிடம் தாய்மொழியைக் கேட்டு வெளியிட்டார்கள்: பஞ்சாபி ஏறத்தாழ 37, பஷ்தோ 18, சிந்தி 14, சராய்க்கி 12, உருது 9 விழுக்காடு. நாடு உடைந்துவிடவில்லை. தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இதில் உண்டு. நம் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பிராகுயியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அங்கே 27 இலட்சத்துக்கும் மேல் என்று அந்தக் கணக்கெடுப்பால் தெரிகிறது. எல்லைக்கு அப்பால், ஹெல்மந்த், நிம்ரோஸ் மாகாணங்களின் தெற்குப் பாலைகளில் வாழும் பிராகுயிகள் எத்தனை பேர்? 2004 அரசியலமைப்பின் நான்காவது பிரிவு பெயர் சொல்லி ஏற்ற 14 இனங்களில் அவர்களும் உண்டு. பெயர் இருக்கிறது, எண் இல்லை. அவர்கள் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஒரு பள்ளி கேட்க வேண்டுமானால் எதைக் காட்டிக் கேட்பார்கள்?

இளவெயினன்:

பிராகுயிகளைப் பற்றி நீங்கள் எழுதியது என்னை உலுக்கியது. ஆயினும் பாகிஸ்தான் எடுத்துக்காட்டு உங்கள் நோக்கத்துக்கு எதிராகவே செல்கிறது. ஆப்கானிஸ்தானில் தாய்மொழியைக் கேட்டால் ஹசாராக்கள் காணாமல் போய்விடுவார்கள். அவர்கள் பேசுவதும் பாரசீகத்தின் ஒரு வடிவம், தாஜிக்குகள் பேசுவதும் பாரசீகம், மேற்கே ஐமாக்குகளும் காபூலின் கிசில்பாஷ் என்ற சிறு சமூகத்தினரும் பேசுவதும் அதுவே. இன்னொரு புறம், தலைமுறைகளாகக் காபூலில் வாழ்ந்து பஷ்தோவை மறந்த பஷ்தூன் குடும்பங்கள் ஏராளம். நாற்பதாண்டு ஆண்ட மன்னர் ஸாஹிர் ஷாவின் அரச குடும்பமே வீட்டில் பாரசீகம் பேசிய பஷ்தூன் குடும்பம்தான். இவர்களை எந்தப் பக்கம் எழுதுவது?

இனத்தை நேரடியாகக் கேட்டாலும் சிக்கல் தீராது. தாஜிக் என்ற அடையாளம் பல இடங்களில் குலத்தாலன்றி ஊராலும் மொழியாலும் அமைவது. காபூலுக்கு வடக்கே பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் வாழ்பவர் தம்மை முதலில் பஞ்ச்ஷீரி என்றே சொல்லிக்கொள்வார். மின்னணு அடையாள அட்டை விவகாரத்தில் இது வெடித்ததைப் பார்த்தோம். எல்லாக் குடிமக்களையும் 'ஆப்கன்' என்று குறிப்பதா, தனியாக இனத்தையும் அச்சிடுவதா என்று பல ஆண்டுகள் இழுபறி நடந்தது. அந்தப் பெயர் நெடுங்காலம் பஷ்தூன்களை மட்டுமே குறித்தது என்று தாஜிக், ஹசாராத் தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். 2018 மே மாதம் குடியரசுத் தலைவர் அஷ்ரஃப் கனி முதல் அட்டையைப் பெற்றுக்கொண்டபோது, அதே அரசின் தலைமைச் செயல் அதிகாரியான அப்துல்லா அப்துல்லா வெளிப்படையாகக் கண்டித்தார். ஓர் அட்டைக்கே இவ்வளவு என்றால், முழு நாட்டுக் கணக்கெடுப்புக்கு என்ன நேரும்?

நாச்சியார்:

எந்தப் பக்கம் எழுதுவது என்று நீங்களோ நானோ முடிவு செய்ய வேண்டியதில்லை. கேட்கப்படுபவர் சொல்வதை எழுத வேண்டும். பஞ்ச்ஷீரி என்றால் பஞ்ச்ஷீரி; பஷ்தூன் என்றும் சொல்லி வீட்டு மொழி பாரசீகம் என்றும் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். இனம், வீட்டில் பேசும் மொழி, பிறந்த மாவட்டம் என மூன்றையும் தனித்தனிக் கேள்விகளாக வைத்தால், நீங்கள் காட்டும் கலப்பே தரவாகப் பதிவாகும். அடையாளம் நெகிழ்வானது என்பதை நிலைநாட்டவும் எண்ணித்தானே ஆக வேண்டும்?

வழுதி:

சகோதரியின் முறையை ஏற்கிறேன். ஆனால் இப்போது அதைச் செயற்படுத்தப்போவது யார்? 2021 செப்டம்பரில் தாலிபான்கள் முதலில் அறிவித்த அமைச்சரவையின் 33 பேரில் பஷ்தூன் அல்லாதோரை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஹசாரா ஒருவரும் இல்லை, பெண் ஒருவரும் இல்லை. பெண்கள் வேலைக்குச் செல்லவே தடைகள் உள்ள நாட்டில், வீட்டுக்குள் இருக்கும் பெண்களிடம் கேள்வி கேட்கப்போவது எவர்? 2023 முதல் பாகிஸ்தானும் ஈரானும் திருப்பி அனுப்பிவரும் இலட்சக்கணக்கானோர் இன்னும் எந்த ஊரில் நிலைகொள்வார்கள் என்பதே உறுதியாகவில்லை. அவர்களை எந்த மாவட்டத்தில் எழுதினாலும் அது யாரோ ஒருவருக்கு ஆதாயமாகும்.

2010 தேர்தலில் கஸ்னி மாகாணத்தின் பஷ்தூன் மாவட்டங்களில் போரினால் வாக்குப்பதிவு ஏறக்குறைய நடக்காமல் போனதையும், அங்கிருந்த 11 இடங்களையும் ஹசாரா வேட்பாளர்களே வென்றதையும் நினைவுபடுத்துகிறேன். எவரும் மோசடி செய்ய வேண்டியிருக்கவில்லை. எட்ட முடியாத ஊர்கள் கணக்கிலிருந்து தாமாகவே விழுந்தன. எட்ட முடிந்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கெடுப்பு ஒன்று அரசு முத்திரையுடன் வெளிவந்தால், அதை மறுக்க இன்று நாம் மதிப்பீட்டை மறுப்பதைவிடப் பன்மடங்கு கடினமாக இருக்கும். ஆகவே எல்லா மாவட்டங்களிலும் எல்லாத் தரப்பினரும் நுழைந்து எண்ணவும் சரிபார்க்கவும் முடிகிற வரை, வரிசையை மட்டும் சொல்லி விழுக்காட்டைத் தவிர்க்கலாம் என்பதே என் நிலை. 42 என்று எழுத வேண்டாம் என்பதில் இளவெயினனுடன் உடன்படுகிறேன். எதுவுமே எழுதக் கூடாது என்பதில் இல்லை.

நாச்சியார்:

எல்லா மாவட்டங்களுக்கும் எல்லாரும் செல்லும் நாள்வரை என்று 2008இலும் சொன்னார்கள். அன்றைக்கு அந்த நிபந்தனையை ஏற்றவர்களின் பிள்ளைகள் இன்று பள்ளி முடித்து வளர்ந்துவிட்டார்கள். பாமியான், தாய்க்குந்தி போன்ற அமைதியான மாகாணங்களிலாவது அன்றே இனத்தையும் மொழியையும் கேட்டிருந்தால், அந்த ஒரு பகுதிக்கேனும் சான்றுள்ள எண் நம்மிடம் இருந்திருக்கும். முழுமை கிடைக்கும்வரை எதுவும் வேண்டாம் என்ற நிலையை நான் ஏற்கவில்லை.