‘அமேடியஸ்’ படத்துல ஓபோ நுழையற அந்த இடம்: ஒரு நாயனக்காரனோட ரெண்டு சந்தேகம்

காவேரிப்பட்டணம் நாயனம்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இருபத்தெட்டு வருசமா நாதஸ்வரம் வாசிக்கிறேன். ஆடி மாசம் முகூர்த்தம் கிடையாது. அம்மன் கோயில் வேலை ரெண்டு மூணு, மத்த ராத்திரி எல்லாம் வீட்லதான். காலேஜ் படிக்கற பையன், “பாட்டு போடறவரைப் பத்தின படம்ப்பா, பாருங்க”ன்னு போன்ல அமேடியஸ் போட்டுக் குடுத்தான். 1984-ல வந்த இங்கிலீஷ் படம். மோட்சார்ட், அவர் மேல பொறாமைப்பட்ட சாலியேரி, பாட்டு போடற ரெண்டு பேர் கதை. முழுப் படம் ஆறு தடவை பார்த்துட்டேன். ஒரு காட்சிய மட்டும் எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது.

வியன்னாவுல ஒரு பெரிய வீடு. வாத்தியக்காரங்க ஊதறாங்க. கீழ மெதுவா, துருத்தி ஏறி இறங்கற மாதிரி ஒரு சத்தம். அதுல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். திடீர்னு மேல ஒரு ஓபோ, நம்ம நாயனம் மாதிரி ஊதற அவங்க வாத்தியம், ஒரே ஒரு ஸ்வரம். அப்படியே நிக்குது. அது இறங்கி வர்றப்போ கிளாரினெட் வாங்கிக்குது. நான் சுருதிப் பெட்டிய எடுத்து வெச்சுப் பார்த்தேன். சுருதி ரெண்டரைக் கட்டை! என் நாயனத்தோட கட்டை. ஓபோ புடிச்சு நிக்கறது பஞ்சமம், அதாவது ‘ப’. கமகம் இல்ல, அசைவு இல்ல. நம்ம பக்கமும் பஞ்சமம் அசையாத ஸ்வரம்தானே. ஆனா நாம சுருதிய கீழ நிக்க வெச்சுட்டு மேல சஞ்சாரம் பண்ணுவோம். இங்க மேல நிக்குது, கீழ நகருது.

என்னைத் தூங்க விடாதது இன்னொண்ணு. ஒரே வாத்தியார்கிட்ட என்னோட ஒருத்தன் படிச்சான், என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். பதினாலு வயசுல ஒரு சிவராத்திரிக்குத் தோடி ராகம் வாசிச்சான். பக்கத்துல ஒரே சுருதிய விடாம புடிக்கற ஒத்து ஊதிக்கிட்டிருந்தேன். அவன் போற ஒவ்வொரு இடமும் எனக்குப் புரிஞ்சுது. அங்க என் விரல் போகாதுன்னும் புரிஞ்சுது. சண்டைன்னு ஒண்ணுமில்ல. ஆனா பதினஞ்சு வருசமா நான் அவன்கிட்ட மனசு விட்டுப் பேசினதில்ல. சாலியேரி அந்த நோட்டுத் தாளுங்களைப் படிச்சிட்டே வந்து கைநழுவ விடற இடத்துல போனை நிறுத்திட்டு வாசல்ல போய் உக்காந்துட்டேன்.

ஓபோவுக்கும் நம்ம நாயனத்துல வாயில வெச்சு ஊதற சீவாளிதானா? சாலியேரி நெசமாவே அப்படியா?

ஓசூர் கிளாரினெட்:

அண்ணே, வணக்கம். அது காற்று வாத்தியங்களுக்குன்னே மோட்சார்ட் எழுதின செரினேட்ங்கற பாட்டு, அவர் பாட்டுப் பட்டியல்ல கே. 361. மொத்தம் ஏழு பகுதி, நீங்க சொல்றது மூணாவது. பன்னெண்டு காற்று வாத்தியம், கூட அடி சுருதிக்கு ஒரு டபுள் பேஸ்ங்கற பெரிய தந்தி வாத்தியம். ஓபோவுக்கும் ரெட்டை நாக்குதான், நாணல் தட்டைய சீவிக் கட்டறது. உங்க சீவாளிக்குச் சொந்தக்காரன். கிளாரினெட்டுக்கு ஒத்தை நாக்கு; ஏ.கே.சி. நடராஜன் ஐயா கையில இருந்ததும் இதே குடும்பம்தான். நாயனத்துக்கும் ஓபோவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம், ஓபோவோட துளை ரொம்பச் சின்னது, காத்து உள்ள போகவே மாட்டேங்கும். நாயனத்துல மூச்சு பத்தாது. ஓபோவுல மிச்சமான பழைய காத்தை வெளிய விட்டுட்டுத்தான் புது மூச்சு எடுக்கணும். படத்துக்கு இசை நடத்தினவர் நெவில் மேரினர். படத்துல காட்சியோட நின்னுடும். பாட்டை முழுசா தனியாக் கேளுங்க. கிளாரினெட்டுக்கு அப்புறம் அதோட குடும்பத்துல கீழ்க்குரல்காரனான பாசெட் ஹார்ன் வாங்கற இடம் ஒண்ணு இருக்கு.

பாலக்கோடு டீச்சர்:

ஐயா, படத்துல சாலியேரி தானே மோட்சார்ட்டைக் கொன்னதாச் சொல்றார், ஆனா அவர் கொன்னதுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்த வதந்திய வெச்சு 1830-ல ரஷ்யக் கவிஞர் புஷ்கின் சின்ன நாடகம் எழுதினார். 1979-ல பீட்டர் ஷாஃபரோட நாடகம் வந்தது. அதுலேர்ந்துதான் இந்தப் படம். உண்மையில 1791 அக்டோபர்ல மோட்சார்ட்டே சாலியேரியைத் தன் ‘மந்திரப் புல்லாங்குழல்’ இசை நாடகத்தைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனார். ஒவ்வொரு பாட்டுக்கும் சாலியேரி ‘பிராவோ’ சொன்னார்னு மனைவிக்குச் சந்தோஷமாக் கடிதம் எழுதினார். அதே வருசம் டிசம்பர் 5-ல மோட்சார்ட் 35 வயசுல இறந்துட்டார். பிற்பாடு மோட்சார்ட்டோட கடைசிப் பையனுக்கும் சாலியேரி பாடம் சொல்லிக் குடுத்திருக்கார். பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் எல்லாருமே அவர்கிட்டப் படிச்சவங்க. இன்னொண்ணும் சொல்லணும். ஒரு பாடகிக்குக் குரல் திரும்பின சந்தோஷத்துக்கு 1785-ல ரெண்டு பேரும் சேர்ந்தே ஒரு பாட்டு போட்டாங்க. தொலைஞ்சு போச்சுன்னு நினைச்ச அது பிராகா நகரத்து அருங்காட்சியகத்துல கிடைச்சு, 2016-ல செய்தி வந்தது.

அந்தப் பொறாமை படத்துல இருக்கறது. உங்களுக்கு வலிச்சது நெசம்.

தகடூர் தவில்:

அண்ணா, யாரைச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். அவரோட மூணு சீசன் வாசிச்சிருக்கேன். “ஒத்து ஊதினா எங்க அண்ணன் மாதிரி யாரும் ஊத மாட்டாங்க, அது கீழ நிக்கறதாலதான் நான் மேல போனேன்”னு சொல்லுவார். போன் பண்ணுங்கண்ணா.

காவேரிப்பட்டணம் நாயனம்:

டீச்சரம்மாவோட பதிலைப் பையனை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். சேர்ந்து போட்ட பாட்டுன்னதும் என்னமோ பண்ணிடுச்சு.

இன்னைக்கு விடிகாலையில கே.ஆர்.பி. டேம் கரைக்குப் போய் அந்தப் பஞ்சமத்தை வாசிச்சுப் பார்த்தேன். புதுச் சீவாளி கறக்கறக்குன்னுது. எச்சில்ல நல்லா ஊற வெச்ச அப்புறம் நின்னுச்சு. ஆனா ஓபோ நிக்கற நேரம் என்னால நிக்க முடியல, இறங்கற இடத்துக்கு முன்னாடியே மூச்சு போயிடுது. தினமும் போறேன்.

தவில் தம்பி, நேத்து ராத்திரி அடிச்சேன், எடுக்கல. அந்தப் பாட்டை வாட்ஸ்அப்புல அனுப்பி வெச்சேன். ரெண்டு நீல டிக் வந்திருக்கு.

ஓசூர்த் தம்பி, கிளாரினெட் வாங்கற இடத்துலேர்ந்து ஸ்வரம் மட்டும் எழுதி அனுப்புங்க. அவன் வந்தா அது அவனுக்கு.