டேப்லட்டில் கோப்புகளைக் கையாள்வது ஏன் இவ்வளவு சிரமம்?

கேள்வி:
வணக்கம். பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்லட்டில், ஸ்கேன் செய்த பழைய இதழ்களின் பிடிஎஃப் கோப்புகளைப் பென்டிரைவிலிருந்து நகலெடுத்து அடுக்கி வருகிறேன். செயலியோ கைப்பேசிக்குச் செய்ததை அப்படியே இழுத்துப் பெரிதாக்கியதுபோல் இருக்கிறது. நீண்ட பெயர்கள் பாதியில் வெட்டுப்படுவதால், கடைசியில் உள்ள இதழ் எண் தெரிவதில்லை. நாற்பது கோப்புகளும் ஒரே பெயரில் இருப்பதுபோலத் தோன்றுகின்றன. வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
இரு பலகங்களை அருகருகே காட்டும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம் பென்டிரைவ், மறுபக்கம் உள்நினைவகம் என வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், பிற செயலிகளின் தரவுக் கோப்புறைகளுக்குள் நுழையக் கோப்பு மேலாளர்களுக்கு வழக்கமான அனுமதி இல்லை என்பதால், அவை காலியாகத் தெரிந்தால் செயலியைக் குறை சொல்ல வேண்டாம்.

மறுமொழி 2:
ஐபேடில் 2017இல்தான் கோப்புகளுக்கென்றே ஒரு செயலி வந்தது. பென்டிரைவை இணைக்கும் வசதியும் நெடுவரிசைக் காட்சியும் 2019இல் ஐபேட்ஓஎஸ் 13உடன் வந்தன. நெடுவரிசைக் காட்சியில், எந்தக் கோப்புறைக்குள் எது இருக்கிறது என்பது ஒரே பார்வையில் புலப்படும். ஆனால் பெயர் வெட்டுப்படும் தொல்லை அங்கும் உண்டு. ஆகவே நான் இதழ் எண்ணைப் பெயரின் முன்னால், 007 என்பதுபோல மூன்று இலக்கத்தில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எண்ணை முன்னால் மாற்றியதும் வரிசையும் சரியாகிவிட்டது.