தலையூத்து – மானூர் சுண்ணாம்புக்கல் பொட்டலில் நாயோடு 8 கிலோமீட்டர் நடை: எதைக் கவனிக்கணும்?

பொட்டல்வெளி கேட்டது:

சிப்பிப்பாறை, ஆண், மூணு வயசு, 20 கிலோ. தினமும் காலையில் 4 கிலோமீட்டர் தார் ரோட்டில் நடந்து பழக்கம். தை மாசம் திருநெல்வேலிப் பக்கத்தில் தலையூத்துக்கும் மானூருக்கும் நடுவில் உள்ள சுண்ணாம்புக்கல் பொட்டலில் 8 கிலோமீட்டர் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். இணையத்தில் தேடினால் தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்மேடுகளில் நாயோடு நடப்பதற்கான யோசனைதான் வருகிறது. மேயும் ஆடு, உண்ணி, தரையில் கூடு கட்டும் குருவி என்று சொல்கிறார்கள். அதில் நமக்கு எது பொருந்தும்? வெள்ளைத் தூசி பாதத்தை அரிக்குமா? தண்ணீர் எவ்வளவு தூக்கணும்? கயிறு போட்டே நடக்கணுமா, அவிழ்த்து விடலாமா?

உடைமரநிழல்:

முதலில் தூசி. சுண்ணாம்புக்கல் தூசி அரிக்காது. அது வெறும் கால்சியம் கார்பனேட். பாதத்தில் ஒட்டினால் கழுவினால் போய்விடும். அரிப்பது சுட்ட சுண்ணாம்பு. சுண்ணாம்புக் காளவாயில் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்த கல், ஈரம் பட்டதும் கொதிக்கும். நாயின் விரலிடுக்கு, மூக்கு, கண் எல்லாம் ஈரம்தான், அங்கேதான் புண்ணாகும். அதனால் ஓடாத பழைய காளவாயாக இருந்தாலும் அதைச் சுற்றிக் கிடக்கும் வெள்ளைக் குவியல் பக்கம் விடாதீர்கள். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த துணியாலோ பிரஷ்ஷாலோ முழுக்கத் தட்டி உதறிவிட்டு, அதன் பிறகு நிறையத் தண்ணீர் விட்டு 15 நிமிஷமாவது கழுவணும். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் சூடுதான் கிளம்பும். கண்ணில் பட்டால் மட்டும் காத்திருக்காமல் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓடணும்.

இங்கிலாந்துக் கல் மெத்தென்ற சாக் (chalk). மழை பெய்தால் வழுக்கும், அவ்வளவுதான். நம்ம தலையூத்துக் கல் படிகச் சுண்ணாம்புக்கல். உடைந்தால் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். மேலே சுக்கான் கல் என்கிற சுண்ணாம்புக் கட்டிகள் உருண்டை உருண்டையாகப் பரவிக் கிடக்கும். தார் ரோட்டில் பழகிய பாதம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், கல் விளிம்பு வெட்டுவதைத் தாங்கப் பழகியிருக்காது. முதல் வாரம் 2 கிலோமீட்டர், அடுத்த வாரம் 4, அப்புறம் 6 என்று இதே மாதிரி தரையில் ஏற்றுங்கள். தை கடைசியில் 8 சரியாக வரும்.

வெயில்தான் நம்மூரில் முதல் ஆபத்து. காலை 6 மணிக்குக் கிளம்பி 9-க்குள் வண்டிக்குத் திரும்பிவிடணும். தை மாசமே ஆனாலும் பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். புறங்கையைக் கல்லில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடத்தாதீர்கள். 20 கிலோ நாய்க்கு அந்த மூணு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர் எடுங்கள், உங்களுக்கு வேறு பாட்டில். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 100 மில்லி போல நீட்டுங்கள். ஒரே மூச்சில் குடிக்க விட்டால் வாந்தி எடுக்கும். கிளம்புவதற்கு முந்தின இரண்டு மணி நேரத்தில் முழுச் சாப்பாடு வேண்டாம். சிப்பிப்பாறைக்கு நெஞ்சுக்கூடு ஆழம். வயிறு நிறைந்த நிலையில் ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் அது அவசரக் கேஸ்.

கிடைக்காவல்:

உடைமரநிழல் சொன்னதோடு கயிறு விஷயம். அவிழ்த்து விடவே விடாதீங்க. சிப்பிப்பாறை மோப்ப நாய் இல்லை, பார்வை நாய். முயல் ஒன்று குதித்தால் காது கேட்காது, கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. நாய் முயலைப் பிடித்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம் உங்கள் மேல்தான். மயிலுக்கு இன்னும் கடுமை.

அதைவிடப் பெரிய காரணம், கைவிட்ட கல்வெட்டாங்குழி. சீமைக்கருவேலம் விளிம்புவரை மூடியிருக்கும், குழி கண்ணுக்குத் தெரியாது. முழு வேகத்தில் வரும் நாய் அங்கே நிற்க முடியாது. அடியில் பச்சை நீலமாகத் தண்ணீர் நிற்கும்; நாலு பக்கமும் நெட்டுக்குத்தான சுவர். உள்ளே விழுந்த நாய் ஏற இடம் கிடைக்காமல் நீந்தி நீந்தியே களைத்துப்போகும். விளிம்பிலிருந்து 20 மீட்டர் தள்ளியே நடங்க. வேலை நடக்கும் குவாரிக்குள் போகவே வேண்டாம், வெடி வைப்பார்கள்.

கழுத்துப்பட்டை வேண்டாம், இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், பின்னால் இழுத்தால் உருவிக்கொள்ளும். நெஞ்சுப்பட்டை போட்டு 2 மீட்டர் கயிறு. வெட்டவெளியில் 5 மீட்டர் வரை நீட்டலாம், அதுக்கு மேல் போனால் ஓடிக் கயிறு இறுகும்போது உங்கள் கையும் போகும், நாயும் புரண்டு விழும்.

இங்கிலாந்தில் பொது மேய்ச்சல் நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேல் கயிறு கூடாது என்று 2000-ஆம் வருஷச் சட்டமே இருக்கு, தரைக்கூட்டுப் பறவைகளுக்காக. நம்ம ஆட்காட்டிக் குருவியும் அப்படியே சரளையில்தான் முட்டையிடும். தலைக்கு மேல் கத்திக்கொண்டு பறந்தால் பக்கத்தில் முட்டை இருக்கு என்று அர்த்தம், வந்த வழியே திரும்புங்க. ஆட்டுக்கிடை கண்ணில் பட்டால் காற்று கிடைப் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீசும்படி சுற்றிப் போங்க. காவல் நாய்கள் உங்கள் நாயை வாசனையிலேயே எதிரி என்று எடுத்துக்கொள்ளும்.

வடக்கே கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயத்துக்குள்ளும், மேற்கே களக்காடு முண்டந்துறை காப்பகத்துக்குள்ளும் நாய் கூடாது. மலையடிவாரத் தோட்டங்களில் பன்றிக்கு, கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கீழே கிடக்கும் எதையும் வாயில் எடுக்காமல் பழக்கியிருந்தால்தான் அந்தப் பக்கம்.

பொட்டல்வெளி:

ரொம்ப நன்றி அண்ணாச்சிகளா. முள்ளுக்குப் பாத உறை போடலாமா? உண்ணி இங்கே எவ்வளவு மோசம்?

உடைமரநிழல்:

உறை போடலாம், ஆனால் வீட்டுக்குள் ஒரு வாரம் தினம் பத்து நிமிஷம் போட்டுப் பழக்கின பிறகு. நடையில் அரை மணிக்கு ஒரு தரம் கழற்றிப் பாருங்கள். நாய்க்குப் பாதத்தில்தான் வேர்க்கும், உள்ளே மண்ணும் சேர்ந்தால் தோல் உரிந்துவிடும். கருவேல முள் உறையையும் துளைக்கும், அதை நம்பி முட்புதருக்குள் போகாதீர்கள். முள் ஏறினால் ஏறிய கோணத்திலேயே இழுங்கள். உடைந்து உள்ளே நின்றால் தோண்ட வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் வையுங்கள், வெளியே தெரிந்தால் எடுங்கள், இல்லையென்றால் டாக்டர். மழைக்குப் பிறகு காய்ந்து நிற்கும் ஊசிப்புல் விதை முள்ளைவிடத் தொல்லை. விரலிடுக்கிலும் காதிலும் புகுந்து உள்நோக்கியே நகரும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறினால் காதைப் பாருங்கள்.

உண்ணி பற்றிப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். நம்ம ஊர் நாய் உண்ணி சுவர் இடுக்கில் வாழ்வது. திறந்த புல்லைவிட, தெருநாய்கள் படுத்து எழும் கோயில் மண்டபமும் பஸ் நிறுத்தமும்தான் மோசம். இளைப்பாற அங்கே படுக்க வைக்காதீர்கள். வீடு வந்ததும் காதுக்குள், கக்கம், தொடையிடுக்கு, விரலிடுக்கு, பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கணும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், சாப்பிடாமை, மூக்கில் ரத்தம் என்று வந்தால் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமிக்குச் சோதனை கேளுங்கள்.

வெள்ளைக்கல்:

யாரும் சொல்லாத இரண்டு.

பாம்பு: சரளைக் காட்டில் சுருட்டை விரியன் கல்லடியில் இருக்கும். நாய் மூக்கை நுழைக்கும், கடி முகத்திலோ முன்காலிலோதான் விழும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாதீர்கள், தூக்கி வண்டிக்குக் கொண்டுபோங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இந்தப் பாதைக்குக் கிட்டம். விஷமுறி மருந்து இருக்கிறதா, எந்த நேரம் திறந்திருக்கும் என்று கிளம்பும் முந்தின நாளே கேட்டு வையுங்கள்.

வெப்பத் தாக்கு: நாக்கு அகன்று நுனி சுருண்டு, ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் நூல் நூலாக வந்து, நடை தள்ளாடினால் அங்கேயே நிழலில் நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குளிரவைத்துவிட்டுத்தான் வண்டி. ஈரத் துணியைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். ஆசனவாய்த் தெர்மாமீட்டரில் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆபத்து, 39.5-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லையென்றால் அதற்குக் கீழேயும் போய்விடும். இதற்கென்றே வண்டியில் 10 லிட்டர் கேன் ஒன்று தனியாக இருக்கட்டும்.